நிமிர்ந்து உட்கார்ந்தால் பத்தே நிமிஷத்தில் ஏன் வலிக்கிறது?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயது 36. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. யாரோ பக்கவாட்டில் எடுத்த புகைப்படத்தில் தலை முன்னால் நீட்டிக்கொண்டும், தோள் வளைந்தும், மேல்முதுகு கூன் போட்ட மாதிரியும் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து நிமிர்ந்து உட்காரப் பார்க்கிறீர்கள். பத்து நிமிஷம் தாண்டினால் வலிக்கிறது. கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் குனிகிறீர்கள். மூவ்மெண்ட் தெரபி இந்தக் கூனைச் சரிசெய்யுமா, எத்தனை நாள் பிடிக்கும், அதைவிடத் தோளைப் பின்னுக்கு இழுத்துக் கட்டும் பெல்ட் சுலபமில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்க்க ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் இதற்குள் இரண்டு இருக்கின்றன. ஒன்று புகைப்படத்தைப் பற்றியது, இன்னொன்று பேனாவைப் பற்றியது. நான் 18 வருஷமாக இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் அசைவுப் பயிற்சி வகுப்புகளும் எடுத்து வருகிறேன். பேனா விஷயத்தில் உங்களுக்கு உதவி கிடைக்கும் என்று தைரியமாகச் சொல்வேன். புகைப்படம் மாறுமா என்றால், கொஞ்சம் மாறலாம், மாறாமலும் போகலாம். புகைப்படம் அப்படியே இருக்க வலி மட்டும் விட்டுப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் முதலிலேயே இரண்டையும் பிரித்துவைக்கிறேன்.

பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மூவ்மெண்ட் தெரபி என்ற பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல சிகிச்சைகள் உலவுகின்றன. பக்கவாதம் வந்தவரின் நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையையே பயன்படுத்த வைப்பது ஒன்று. நடனத்தையும் அசைவையும் வைத்து மனநலத்துக்காகச் செய்வது வேறொன்று. உங்களுக்குப் பொருந்துவது மூன்றாவது வகை: அலெக்சாண்டர் டெக்னிக், ஃபெல்டன்கிரைஸ், பிலாட்டீஸ், தாய் சி போன்றவை. இவற்றிலும் பிலாட்டீஸ் பெருமளவு உடற்பயிற்சி. அலெக்சாண்டரும் ஃபெல்டன்கிரைஸும் பயிற்சி என்பதைவிடப் பாடம் என்றே சொல்லிக்கொள்கின்றன. சொல்லித்தருபவர் ஆசிரியர், நீங்கள் மாணவர். இதைச் சும்மா சொல்லழகுக்காக வைத்துக்கொள்ளவில்லை, ஏன் என்பது கீழே வரும்.

சரி, நிமிர்ந்து உட்கார்ந்தால் ஏன் வலிக்கிறது? நாம் நிமிர்வது என்று நினைத்துச் செய்வது பெரும்பாலும் விறைப்பதுதான். ஒருவரிடம் "நேராக உட்காருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். நெஞ்சு முன்னால் தள்ளும், கீழ்முதுகு குழியும், தாடை மேலே போகும், மூச்சு நிற்கும். முதுகெலும்பை ஒட்டிய நீளமான தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகிக்கொள்ளும். எந்தத் தசையையும் இப்படி விடாமல் இறுக்கிவைத்தால் அது சீக்கிரம் களைத்துப்போகும், வலிக்கும். உங்கள் முதுகு பலவீனமாக இருக்கிறது என்பதற்கு இது சாட்சி ஆகாது. ஒரு வாளித் தண்ணீரைக் கையை நீட்டியபடி பத்து நிமிஷம் பிடித்திருந்தால் யாருக்கும்தான் தோள் வலிக்கும்.

முதுகெலும்பின் வட்டுக்குள், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் பகுதிக்குள், அழுத்தம் எவ்வளவு என்று நேரடியாக அளந்து பார்த்திருக்கிறார்கள். 1999-இல் வெளிவந்த ஒரு ஜெர்மானிய ஆய்வில், ஒரே ஒரு மனிதரின் கீழ்முதுகு வட்டுக்குள் சின்ன உணரியைப் பொருத்தி ஒரு நாள் முழுக்க அளந்தார்கள். சாதாரணமாக நிற்கும்போது அழுத்தம் சுமார் 0.5 மெகாபாஸ்கல். முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தபோது 0.46. நாற்காலியில் சரிந்து, அலட்சியமாகச் சாய்ந்து கிடந்தபோது இன்னும் குறைந்து 0.3-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரே ஆள் என்பதால் இதை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனாலும் சாய்ந்து உட்கார்ந்தாலே வட்டு நசுங்கிவிடும் என்று பயமுறுத்தும் படங்களை அடுத்த முறை பார்க்கும்போது இந்த எண் நினைவிருக்கட்டும்.

இந்த இடத்தில் என் தவறையும் ஒத்துக்கொள்ள வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் சுவரில் தூக்குக் குண்டு நூல் தொங்கவிட்டு, காது, தோள், இடுப்பு, கணுக்கால் எல்லாம் அந்த ஒரே கோட்டில் வருகிறதா என்று அளந்து, வராதவர்களிடம் "உங்கள் வலிக்கு இதுதான் காரணம்" என்று சொன்னவன். அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது என்பது போகப்போகத்தான் உறைத்தது. 17 வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படம் எடுத்து, கழுத்து நிலையை நான்கு வகையாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு உண்டு. எந்த வகைக்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு தென்படவில்லை. போன் பார்க்கும்போது கழுத்தில் 27 கிலோ ஏறுகிறது என்று பரவிக் கிடக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 2014-இல் ஒருவர் கணினி மாதிரி ஒன்றை வைத்துப் போட்ட கணக்கு. உயிருள்ள எந்தக் கழுத்திலும் அளந்து வந்ததில்லை. குனிந்த தலையைத் தாங்கக் கழுத்துத் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன என்பது உண்மைதான். அந்த உழைப்பு எல்லோருக்கும் வலியாக மாறும் என்பதுதான் நிரூபணமாகவில்லை.

அப்படியானால் தோரணைக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்பீர்கள். அப்படியும் சொல்ல மாட்டேன். எந்த நிலையானாலும் அதிலேயே அசையாமல் மணிக்கணக்காக இருந்தால் உடல் முறையிடும். ஏற்கெனவே வலி இருப்பவருக்குச் சில நிலைகள் அதைத் தூண்டிவிடும், அதுவும் உண்டு. ஆக, வளைந்து உட்காருவதைவிட, வளைந்து உட்காருவது ஒன்றுதான் தெரியும் என்பதே பெரிய சிக்கல். இத்தகைய சிகிச்சை கைவைக்க வேண்டிய இடமும் அதுதான்.

இப்போது பேனாவுக்கு வருகிறேன். சாதாரணமாக ஒருவர் நின்றபடி முழுக்கக் குனிந்தால், ஒரு கட்டத்துக்குப் பிறகு கீழ்முதுகுத் தசைகள் மின்சாரம் அணைந்த மாதிரி அமைதியாகிவிடும். உடலின் எடையைத் தசைநார்களும் பிற இணைப்புத் திசுக்களும் தாங்கிக்கொள்ளும். தசையில் மின்முனை வைத்துப் பார்த்தால் இந்த அமைதி தெளிவாகத் தெரியும். 1950-களிலிருந்தே தெரிந்த விஷயம். நாள்பட்ட முதுகுவலி உள்ள பலருக்கு அந்த அமைதி வருவதில்லை. குனியும்போதும் தசை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது. குனிவதற்கு முன் நீங்கள் யோசிக்கும் அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதில் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். மூச்சைப் பிடிப்பீர்கள், வயிறு இறுகும், முதுகு பலகையாகும். குனியத் தொடங்கும் முன்பே உடல் சண்டைக்குத் தயாராகிவிடுகிறது. பேனாவின் எடையோ பத்து கிராம் இருக்கும்.

இந்த முன்தயாரிப்பை அவிழ்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பாடங்களின் சாரம். அலெக்சாண்டர் டெக்னிக்கை உருவாக்கிய அலெக்சாண்டர் 1869-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர், மேடையில் செய்யுள் ஒப்பிப்பது தொழில். மேடையேறினால் குரல் கட்டிக்கொள்ளும். மருத்துவர்களால் காரணம் சொல்ல முடியாமல் போக, கண்ணாடிகளை வைத்துத் தன்னையே கவனித்தார். பேசத் தொடங்கும்போதெல்லாம் தலையைப் பின்னால் இழுத்துக் கழுத்தைக் குறுக்குவது கண்ணில் பட்டது. சரி, இழுக்காமல் இருப்போம் என்று முடிவுசெய்து பேசினார். இழுக்கவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றியது. கண்ணாடியோ இன்னும் அதிகமாக இழுப்பதாகக் காட்டியது. அவர் கண்டுபிடித்ததில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பழக்கம் முற்றிவிட்டால், எது நேர், எது கோணல் என்று சொல்லும் உள்ளுணர்வே நம்பத்தகாததாகிவிடுகிறது.

நீங்களும் செய்து பார்க்கலாம். கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். எந்தக் கை மேலே இருக்கிறது? இப்போது அடுத்த கை மேலே வரும்படி மாற்றிக் கட்டுங்கள். ஏதோ தப்பாக இருக்கிற மாதிரித் தோன்றும். தப்பு எதுவும் இல்லை, பழக்கமில்லை, அவ்வளவுதான். நிமிர்வதும் இப்படித்தான். உங்களுக்கு நேர் என்று படுவது பின்னால் சாய்ந்ததாக இருக்கலாம். உண்மையிலேயே நேராக இருக்கும்போது முன்னால் விழப்போவது போலத் தோன்றலாம். அதனால்தான் இதற்கு ஆசிரியர் தேவைப்படுகிறார். நாற்காலியிலிருந்து நீங்கள் எழும்போது அவர் பிடரியில் லேசாகக் கை வைத்திருப்பார். எழுவதற்கு ஒரு நொடி முன்பே அங்கே ஏற்படும் இறுக்கம் அவர் கைக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. சில பாடங்கள் போனால் உங்களுக்கும் தெரியத் தொடங்கும்.

ஃபெல்டன்கிரைஸ் வந்த வழி வேறு. அவர் இயற்பியல் படித்தவர், ஜூடோவில் தேர்ந்தவர். முழங்காலில் அடிபட்டு, அறுவைச் சிகிச்சைக்கு மனமில்லாமல், எப்படி நடந்தால் கால் நோகாது என்று ஆராயத் தொடங்கினார். அவருடைய பாடங்களில் பெரும்பாலானவை தரையில் படுத்தபடி நடக்கும். படுத்துவிட்டால் விழுந்துவிடாமல் இருப்பதற்கான வேலை மிச்சம், தசை தன் பழைய பிடிப்பை விட்டுப்பார்க்கத் துணியும். அசைவுகள் மிகச் சிறியவை, மிக மெதுவானவை. அதற்குக் காரணம் உண்டு: கையில் ஒரு கிலோ இருக்கும்போது ஐம்பது கிராம் கூட்டினால் தெரியும், இருபது கிலோ இருக்கும்போது அதே ஐம்பது கிராம் தெரியாது. அதே மாதிரி, முயற்சியைக் குறைத்தால்தான் சின்ன வித்தியாசங்கள் உணர்வுக்கு எட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு செய்யும் பயிற்சியில் தசை வலுவாகலாம், ஆனால் கவனிப்பதற்கு அங்கே இடமில்லை.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன், இன்றைக்கே முயன்று பார்க்கலாம். கெட்டியான நாற்காலியின் முன்விளிம்புக்கு வந்து உட்காருங்கள், பாதம் இரண்டும் தரையில். பிட்டத்துக்கு அடியில் இரண்டு எலும்புகள் நாற்காலியை அழுத்துவது தெரிகிறதா? அவற்றின் மேல் இடுப்பைச் சிறிதளவு முன்னால் உருட்டுங்கள், கீழ்முதுகு குழியும். பின்னால் உருட்டுங்கள், முதுகு வளையும். வயிறு, நெஞ்சு, தலை எல்லாம் அதன் போக்கில் போகட்டும். பத்துப் பன்னிரண்டு முறை, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சின்னதாக. மூச்சைப் பிடித்தால் நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள். கடைசியில் முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் எலும்பு நேர் கீழே அழுத்தும் ஓரிடத்தில் நிற்கும். அங்கே தோளைப் பின்னால் இழுக்காமலே தலை மேலே மிதக்கிற மாதிரி இருக்கும். எல்லோருக்கும் முதல் தடவையே இது வாய்க்காது. வாய்த்தால், உழைப்பில்லாமல் நிமிர்வது என்று நான் சொல்வது எதை என்று புரிந்துவிடும். அப்புறம் அதையும் பிடித்துவைத்துக்கொள்ள முயலாதீர்கள், இரண்டு நிமிஷத்தில் அது கலைந்துபோவது இயல்பு.

பேனாவை எடுப்பதற்கு முதுகை நேராக வைத்திருக்க வேண்டிய அவசியம் கிடையாது. முதுகு வளைவதற்காகவே அமைந்தது. மூச்சை வெளியே விட்டபடி, தலை முதலில் தொங்க, பிறகு மேல்முதுகு, முழங்கால் கொஞ்சம் தளர, மெதுவாகக் குனிந்து பழகுங்கள். முதல் வாரம் உயரமான முக்காலியில் வைத்த பேனா, அப்புறம் தாழ்ந்த முக்காலி, அப்புறம் தரை. கனமான பொருள் என்றால் கதை வேறு. முன்சொன்ன அதே ஆய்வில் 20 கிலோவை உடம்போடு ஒட்டிப் பிடித்தபோது வட்டழுத்தம் 1.1 மெகாபாஸ்கல், மார்பிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது 1.8. கனம் தூக்கும்போது முதுகு எப்படி இருக்கிறது என்பதோடு, பொருள் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

இதெல்லாம் பலன் தருகிறது என்பதற்கு என்ன ஆதாரம்? இருப்பதிலேயே வலுவானது அலெக்சாண்டர் டெக்னிக்குக்கு. இங்கிலாந்தில் நாள்பட்ட அல்லது திரும்பத் திரும்ப வரும் முதுகுவலி உள்ள 579 பேரிடம் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து, முந்தைய நான்கு வாரத்தில் எத்தனை நாள் வலித்தது என்று கேட்டபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நடுமதிப்பு 21 நாள். ஆறு பாடம் எடுத்தவர்களுக்கு 11. 24 பாடம் எடுத்தவர்களுக்கு 3. நாள்பட்ட கழுத்து வலிக்கு 517 பேரிடம் நடந்த இன்னொரு சோதனை 2015-இல் வந்தது. அதிலும் அலெக்சாண்டர் பாடங்கள் ஒரு வருஷம் கழித்து வலியைக் குறைத்திருந்தன, அக்குபங்சரும் ஏறக்குறைய அதே அளவு குறைத்திருந்தது. இந்த இரண்டாவது விவரத்தை ஆசிரியர்கள் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். இத்தகைய சோதனைகளில் தனக்கு என்ன சிகிச்சை தரப்படுகிறது என்பது நோயாளிக்குத் தெரிந்தே இருக்கும். ஒருவர் அக்கறையோடு மணிக்கணக்காகக் கவனிப்பதே ஓரளவு வலியைக் குறைக்கும். அந்தப் பங்கைத் தனியே பிரித்தெடுப்பது கடினம்.

நான் அதிகம் சொல்லிக்கொடுக்கும் ஃபெல்டன்கிரைஸுக்கு ஆதாரம் மெலிவுதான். சின்னச் சின்ன ஆய்வுகள், முடிவுகளும் பல திசையில். 2015-இல் ஆஸ்திரேலிய அரசு பல மாற்றுச் சிகிச்சைகளை மொத்தமாகப் பரிசீலித்தபோது இதன் பலன் நிச்சயமில்லை என்றே எழுதியது. எனக்கு வருத்தம்தான், ஆனால் அந்தத் தீர்ப்பு நியாயமானது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு பிலாட்டீஸ் பற்றி அதே ஆண்டு வெளியிட்ட தொகுப்பு 10 சோதனைகளைப் பார்த்தது: முதுகுவலிக்கு ஏறக்குறைய எதுவும் செய்யாமல் இருப்பதைவிட மேல், மற்ற உடற்பயிற்சிகளைவிட மேல் என்று சொல்ல முடியாது. முதியவர்கள் கீழே விழுவதைத் தடுப்பதில் தாய் சி நன்றாகவே உதவுகிறது, உங்களுக்கு அந்தத் தேவை வர இன்னும் காலம் இருக்கிறது. உடம்பில் புதைந்த பழைய துக்கம் வெளியேறும், உறுப்புகள் சுத்தமாகும் என்றெல்லாம் யாராவது சொன்னால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய சிலர் உண்டு. தரையில் மல்லாந்து படுத்தாலும் கூன் தட்டையாகாமல் அப்படியே நின்றால், அது பழக்கத்தால் வந்ததாக இருக்காது, எலும்பின் வடிவத்தால் இருக்கலாம். முன்னால் குனியும்போது ஒரு பக்க விலா மட்டும் மேடாக எழும்பினால் பக்கவாட்டு வளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இளம் வயதில், காலை எழுந்ததும் அரை மணிக்கு மேல் முதுகு விறைத்திருந்து, நடமாடினால் சரியாகி, ஓய்வெடுத்தால் மோசமாகிறது என்றால் அது அழற்சி மூட்டு நோயாக இருக்கக்கூடும். அதற்கு மருந்து இருக்கிறது, தள்ளிப்போட்டால் நஷ்டம். கை, கால் பலம் குறைந்துகொண்டே போவது, காரணமில்லாத எடைக்குறைவு, காய்ச்சலோடு சேர்ந்த முதுகுவலி ஆகியவையும் காட்ட வேண்டியவை. தொடையிடுக்கில் மரத்துப்போவதோ சிறுநீர் கட்டுப்பாடு தவறுவதோ வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவு. எலும்பு மெலிவு உள்ளவர்கள் வேகமாக, சுமையோடு முன்னால் குனியும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். 1984-இல் வந்த சிறிய ஆய்வொன்றில், எலும்பு மெலிந்த பெண்களில் குனியும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிய முள்ளெலும்பு முறிவு வந்தது, முதுகைப் பின்னால் வளைக்கும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம்தான்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு என் அனுபவக் கணக்கைச் சொல்கிறேன், ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குனியும்போது வரும் பயம் தளர மூன்று நாலு வாரம். வேலை நடுவே, யாரும் சொல்லாமல், நீங்களாகவே நிலையை மாற்றிக்கொள்ளத் தொடங்க இரண்டு மூன்று மாதம். வாரத்துக்கு ஒரு பாடம், வீட்டில் தினம் பதினைந்து நிமிஷம் என்ற கணக்கில் இது. கூடவே முதுகுக்கும் இடுப்புக்கும் வலு சேர்க்கும் பயிற்சி வாரம் இரண்டு நாள் செய்யுங்கள். அசைவுப் பாடம் எடுப்பவர்கள் சிலர் வலுப் பயிற்சியை ஏளனமாகப் பேசுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆறு பாடம் முடிந்தும் நாற்காலியிலிருந்து எழுவதிலோ குனிவதிலோ திரும்பிப் பார்ப்பதிலோ எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றால் ஆசிரியரையோ முறையையோ மாற்றுங்கள். உங்கள் தோளைப் பிடித்து நேராக்கி "இப்படியே இருங்கள்" என்பவரைவிட, "இப்போது என்ன உணர்கிறீர்கள்?" என்று கேட்பவரிடம் போங்கள்.

கடைசியாக பெல்ட். வளரும் வயதில் பக்கவாட்டு வளைவு உள்ள பிள்ளைகளுக்கு அளவெடுத்துச் செய்யும் கவசம் பலன் தருகிறது என்பது 2013-இல் உறுதியானது. அதுவும் ஒரு நாளில் 18 மணி நேரமாவது போடச் சொன்ன கவசம், எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் வயது. உங்கள் விஷயத்துக்கும் அதற்கும் ஒட்டில்லை. பெரியவர்களுக்கு விற்கும் தோள் பெல்ட் போட்டிருக்கும்வரை தோளைப் பின்னால் இழுத்துவைக்கும், கழற்றினால் தோள் பழைய இடத்துக்குப் போகும். இடையில் நீங்கள் கற்றுக்கொண்டது எதுவும் இருக்காது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப்போட வேண்டாம். கால் மணி நேரம் போட்டுக்கொண்டு ஒரு பேனாவைக் கீழே போட்டு எடுத்துப் பாருங்கள், கழற்றிவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். எதில் மூச்சு தடைபடாமல் போகிறது என்று கவனித்து, முடிந்தால் இங்கேயே வந்து எழுதுங்கள்.